ஏட்டுச் சுரைக்காயும் சித்தாண்டி மேய்ச்சற்றரையும்

அரசியல் யாப்பைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது’ என்ற பழமொழியைக் கூறி உரையாடலை முடித்துவிடும் வழக்கம் ஈழத்துத் தமிழ்க் கற்றோரிடையே வேரூன்றியுள்ளது. விரிவுரையாளரும் இதனைச் சொல்வர். முதலாண்டு மாணவரும் சொல்வர். உண்ணச் சோறும் உழ நிலமும் இல்லாதவனுக்கு யாப்பின் உறுப்புரைகள் எதற்கு என்பது அவர்தம் வினா. மேலோட்டமாக நோக்குவார்க்கு இது ஏழைகள்பாற் கொண்ட பரிவாகத் தோன்றலாம். ஆராயுமிடத்து, ஏழையின் கையில் எஞ்சியுள்ள கருவியையும் பறிக்கும் வாதம் இதுவே என்பது புலனாகும்.

இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. மட்டக்களப்பிலிருந்து வாழைச்சேனை நோக்கிச் செல்வோர் செங்கலடியைக் கடந்த பின் காணும் ஊர் சித்தாண்டி. முருகன் கோயிலாலும் வயலாலும் மாட்டுப் பட்டிகளாலும் பெயர்பெற்ற ஊர் அது. 2023 செப்டெம்பரில் அங்கே கால்நடைப் பண்ணையாளர்கள் வீதியோரத்தில் அறவழிப் போராட்டத்தைத் தொடங்கினர்; அது மாதக்கணக்கில் நீடித்தது. அவர்கள் கேட்டது பதவியுமன்று, மானியமுமன்று. மாவட்டத்தின் மேற்கெல்லையில், மயிலத்தமடு, மாதவனை என்னும் இடங்களில், தம் மாடுகள் மேய்ந்துவந்த தரையையே கேட்டனர்.

மட்டக்களப்பின் வேளாண்மை முறையை அறியாதோர்க்கு இக்கோரிக்கையின் பொருள் விளங்காது. பெரும்போக விதைப்புக்கு முன் ஆரம்பக் கூட்டம் கூடும். எந்நாளில் விதைப்பது, எந்நாளுக்கு முன் மாடுகளை வயற்புறத்தினின்றும் அகற்றுவது என்பன அங்கு முடிவாகும். அம்முடிவுக்குப் பட்டிக்காரர் கட்டுப்பட்டே ஆகவேண்டும். அகற்றப்படும் மாடுகள் சென்று சேரும் இடமே மேற்கிலுள்ள மேய்ச்சற்றரை. அங்கு வெளி மாவட்டத்தார் புகுந்து பயிரிடுகின்றனர் என்றும், மாடுகள் காயப்படுத்தப்பட்டும் கொல்லப்பட்டும் வருகின்றன என்றும் பண்ணையாளர் முறையிட்டனர். அந்நிலமோ மகாவலி அதிகாரசபையின் ஆளுகைக்குள் வருவது. 1979 ஆம் ஆண்டின் சட்டத்தாற் பிறந்த அச்சபை கொழும்பிலுள்ள அமைச்சருக்கு விடைசொல்லுமேயன்றிச் சித்தாண்டிக்கு விடைசொல்லும் கடப்பாடு உடையதன்று. மாட்டை அகற்று என்னும் விதி பட்டிக்காரனைக் கட்டுகிறது. அகற்றிய மாட்டுக்குரிய தரையைக் காத்துக்கொடு என்று ஆள்வோனைக் கட்டும் விதி எங்கே? இவ்வினாவே அரசியல் யாப்பின் மூலவினா. சோற்றுப் பிரச்சினை வேறு, யாப்புப் பிரச்சினை வேறு என்போர் இதற்கு விடை கூறுவாராக.

ஆள்வோனைக் கட்டுவது எவ்வாறு என்னும் இவ்வினாவை எழுத்தில் விடுவிக்க முயன்றோருள் 1787 இல் பிலடெல்பியாவிற் கூடியோர் முதன்மையானவர். ஐம்பத்தைந்து பேர் அவ்வவையில் பங்குகொண்டனர்; முப்பத்தொன்பது பேர் இறுதியிற் கையொப்பமிட்டனர். அவர்கள் ஏழைகளின் தோழரல்லர். நிலவுடைமையாளர், வணிகர், வழக்கறிஞர், அடிமைகளை உடையோர் என்போரே அங்கிருந்தனர். பிரித்தானிய முடியின் கொடுமையை அவர்கள் 1776 இல் உதறியிருந்தனர். 1781 இல் நடைமுறைக்கு வந்த கூட்டிணைப்பு ஏற்பாட்டின்கீழ் வரி விதிக்கவும் வலியற்றிருந்த மத்திய ஆட்சியையும் கண்டிருந்தனர். 1786 இல் மசச்சூசெட்சில் கடன்பட்ட உழவர்கள் கிளர்ந்தெழுந்தமை சொத்துடையோரை நடுங்கவைத்தது. அரசு வலிதாதல் வேண்டும். அவ்வலிமை தம்மீதே பாய்தலும் ஆகாது. இவ்விரண்டு அச்சங்களும் கூடிப் பெற்ற பிள்ளையே அமெரிக்க யாப்பு.

ஆதலின் அதன் சிறப்பு அதனை ஆக்கியோரின் நற்குணத்திற் பிறந்ததன்று. அவர்தம் ஐயப்பாட்டிற் பிறந்தது. ஆள்வோர் நல்லவராயிருப்பர் என நம்பி அரசை அமைத்தலாகாது என்றும், ஒருவரது அதிகார வேட்கைக்கு மற்றவரது அதிகார வேட்கையே வேலியாதல் வேண்டும் என்றும் மடிசன் வாதிட்டார். மொந்தெஸ்கியு வகுத்த அதிகாரப் பிரிவினை இவ்வாறு நடைமுறை வடிவம் பெற்றது. சனாதிபதி காங்கிரசைக் கலைத்தல் இயலாது. அவர் பெயர்குறிக்கும் நீதியரசர் செனற் சபையின் இசைவின்றிப் பதவியேற்றல் இயலாது. 1791 இற் சேர்க்கப்பட்ட பத்துத் திருத்தங்களுள் இறுதியானது, மத்திக்கு ஒப்படைக்கப்படாத அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியன என்கிறது. யாப்புக்கு முரணான சட்டம் சட்டமாகாது என 1803 இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்த்தது. யாப்பைத் திருத்துதற்குச் சபைகளின் மூன்றிலிரண்டு போதாது. மாநிலங்களின் நான்கில் மூன்றும் இசைதல் வேண்டும். ஆள்வோன் தன் கட்டைத் தானே அவிழ்த்துக்கொள்ளலாகாது என்னும் ஒரே கொள்கையின் பல உருவங்கள் இவை.

இலங்கையின் வரலாறோ கட்டுகள் ஒவ்வொன்றாக அவிழ்க்கப்பட்ட வரலாறு. சோல்பரி யாப்பின் 29 ஆம் பிரிவு, ஓர் இனத்துக்கோ மதத்துக்கோ பிறர்க்கில்லாத நலத்தையோ தடையையோ உண்டாக்கும் சட்டத்தை விலக்கியது. அக்கட்டு தொடக்கத்திலேயே தளர்வுற்றது. 1948 இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றோராக்கிய பின்னரும், அது 29 ஆம் பிரிவை மீறவில்லை என்றே கோமறைக் கழகம் 1953 இற் கொண்டது. 1956 இன் அரசகரும மொழிச் சட்டத்தால் வேதன உயர்வை இழந்த அரச ஊழியரான கோடீஸ்வரன் வழக்காடினார். 1964 இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது. 1967 இல் உயர் நீதிமன்றம், அரச ஊழியர் வேதனத்துக்காக முடிமீது வழக்காடவியலாது எனக் கூறி யாப்பு வினாவைத் தொடாமலே அத்தீர்ப்பை மாற்றியது. 1969 இற் கோமறைக் கழகம் அதனைத் தள்ளி, யாப்பு வினாவை ஆராயுமாறு வழக்கைத் திருப்பியனுப்பியது. 1971 இற் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972 இல் 29 ஆம் பிரிவே ஒழிந்தது. வினாவுக்கு விடை கூறுவதினும் வினாவையே அழிப்பது எளிதாயிற்று.

1972 இன் யாப்பை ஆதரித்தோர், இறைமை மக்களுடையது, மக்கள் தெரிந்தெடுத்த சபையை நீதிபதிகள் தடுத்தலாகாது என்றனர். கேட்பதற்கு இனிய வாதமே. எனினும், மொழி பற்றிய தன் கோரிக்கைகள் தள்ளப்பட்டமையால் தமிழரசுக் கட்சி 1971 இல் வெளியேறிய அவையிலேயே அவ்யாப்பு ஆக்கப்பட்டது. ஐந்தாண்டுக்கென 1970 இல் தெரிவானோர் அதே யாப்பைக் கொண்டு 1977 வரை பதவியில் நிலைத்தனர். 1978 இல் அடுத்தவர் வந்து சனாதிபதி ஆட்சியை நாட்டினர். வாசிங்டனிலுள்ள சனாதிபதிக்கு இடப்பட்ட தளைகளை மட்டும் அங்கேயே விட்டுவந்தனர். 1982 இற் பொதுத்தேர்தலுக்குப் பதிலாக மக்கள் தீர்ப்பொன்றை நடத்திப் பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டினர். நாடு பிளந்து உள்நாட்டுப் போர் நிகழ்ந்த 1864 இலும் அமெரிக்கா தேர்தலை நடத்தியமை ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது.

இரு நாட்டு யாப்புகளுக்கும் பதின்மூன்றாம் திருத்தம் உண்டு. அமெரிக்காவினது 1865 இல் அடிமை முறையை ஒழித்தது. இலங்கையினது 1987 இல் மாகாண சபைகளை உண்டாக்கி, காணியையும் அவற்றின் நிரலிற் சேர்த்தது. ஒரு கையாற் கொடுத்ததைப் பின்னிணைப்பு மறு கையால் மீட்டுக்கொண்டது. அரச காணி குடியரசிடமே நிலைத்தது. மாகாணங்களை ஊடறுக்கும் பெருந்திட்டங்கள் மத்திக்கே உரியவாயின. மாகாணங்களும் பங்குகொள்ளவேண்டிய தேசிய காணி ஆணைக்குழு பல பதின்மாண்டுகளாகியும் அமைக்கப்படவில்லை. அரச காணி மீதான அதிகாரம் மத்தியினதே என 2013 இல் உயர் நீதிமன்றமும் தீர்த்தது. கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்காகத் தேர்தலின்றிச் சனாதிபதி நியமிக்கும் ஆளுநரே மாகாணத்தை ஆண்டார். சித்தாண்டிப் பண்ணையாளர் வீதிக்கு வந்தபோது, அவர்கள் முறையிடுதற்குத் தாம் வாக்களித்துத் தெரிந்த மாகாண சபை ஒன்று இருக்கவில்லை. இது தற்செயலன்று, யாப்பின் விளைவு.

இங்கே எதிர்வாதம் ஒன்றெழும். அடிமையைப் பிரதிநிதித்துவக் கணக்கில் ஐந்தில் மூன்று பங்காக எண்ணிய யாப்பைத் தமிழர்க்கு மாதிரியாகக் காட்டலாமோ என்பர். அக்குற்றச்சாட்டு மெய்யானது, மறைத்தற்குரியதன்று. 1868 இற் சமபாதுகாப்பை உறுதிசெய்த திருத்தமும் தென்மாநிலங்களில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு உறங்கிக்கிடந்தது. ஆயினும் அது ஏட்டில் நின்றமையாலன்றோ கறுப்பின மக்கள் 1954 இல் அதனைச் சுட்டி நீதிமன்றில் வெல்ல முடிந்தது! 1957 இல் ஒன்பது மாணவரைப் பள்ளிக்குள் சேர்ப்பதற்கு மத்திய அரசு லிட்டில் ரொக் நகருக்குப் படையனுப்பியது. அதே 1957 இற் செய்யப்பட்ட பண்டாரநாயக்க – செல்வநாயகம் உடன்படிக்கையோ அடுத்த ஆண்டே கைவிடப்பட்டது. முன்னது யாப்பில் நின்றது. பின்னது ஒரு பிரதமரின் சொல்லில் நின்றது.

இலங்கையிலும் கட்டு இருந்தவிடத்து அது பயன்பட்டேயுள்ளது. 2018 இற் பாராளுமன்றம் காலத்துக்கு முன் கலைக்கப்பட்டபோது, 2015 இன் பத்தொன்பதாம் திருத்தத்தைச் சுட்டி ஏழு நீதியரசரும் ஒருமனதாக அது செல்லாதென்றனர். அக்கட்டு 2020 இல் தளர்த்தப்பட்டது. 2022 இன் மக்கள் எழுச்சிக்குப் பின் ஓரளவே மீண்டும் இறுக்கப்பட்டது. மூன்றிலிரண்டு பெரும்பான்மை கையிலிருந்தால் இறுக்கவும் தளர்த்தவும் இயலுமெனின், அக்கட்டு ஆள்வோனின் இடையிற் கட்டிய பட்டியேயன்றிக் கையிலிட்ட விலங்கன்று.

அதிகாரத்தைப் பகிர்தல் இம்மண்ணுக்கு அந்நியமென்பாரும் உளர். மட்டக்களப்பின் பழங்கோயில்களில் திருவிழா நாட்கள் குடிகளுக்கென வகுக்கப்பட்டுள்ளமையையும், குடிகளின் சார்பில் வண்ணக்கர் பொறுப்பேற்பதையும் அவர்கள் காண்பாராக. சித்தாண்டி முருகன் கோயிலும் இம்மரபின் வழிப்பட்டதே. பெருங்குடியாயினும் பிறகுடியின் முறையைப் பறித்தல் வழக்கன்று. அம்மரபு சாதிப் படிநிலையையும் தன்னுட் கொண்டிருந்தது. பிலடெல்பியாவின் குறையைப் போல அதுவும் களைதற்குரியதே. குறையைக் களைவதற்காகக் கொள்கையைக் கைவிடுவார் இல்லை.

புதிய யாப்பொன்று வருமென ஒவ்வோர் ஆட்சியும் வாக்களிக்கிறது. வரைபு வெளிவரும் நாளில் அதன் முகவுரையின் இனிமையில் மயங்காது மூன்று வினாக்களைக் கேட்டல் மாணவர் கடன். மாகாணத்துக்குக் கொடுத்ததை மத்தி தனித்து மீட்கவியலுமா? மீறிய சட்டத்தை அது நிறைவேறிய பின்னரும் நீதிமன்றம் தள்ளவியலுமா? மயிலத்தமடுவின் தரை யாருடைய ஆளுகையில் என்பதை முடிவுசெய்வோர் அம்மாவட்டத்து மக்களுக்கு விடைசொல்வாரா? இவற்றைக் கேட்கத் தவறிவிட்டு, பின்னர் போராட்டப் பந்தலுக்குச் சென்று அனுதாபம் தெரிவிப்பதாற் பயனில்லை.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என்பது உண்மையே. ஆனால் காணி உறுதியும் ஏடுதான். பழமொழி சொல்லும் எவரும் தம் வளவின் உறுதியைக் கிழித்தெறிந்துவிட்டு இருப்பதில்லை. தமக்கொரு நியாயமும் சித்தாண்டிப் பட்டிக்காரனுக்கு வேறொரு நியாயமும் வைத்துப் பேசுதல் கற்றோர்க்கு அழகன்று.