சேலம் விமான நிலையம்: ஓடுதளம் தயார், பழக்கம்தான் பாக்கி

"உங்க ஊர்ல ஏர்போர்ட் இருக்கா?" என்று சேலத்துக்காரர் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். "இருக்குதுங்க... ஆனா..." என்று இழுப்பார். அந்த "ஆனா"வுக்குப் பின்னால் முப்பது வருடக் கதை இருக்கிறது. கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் வணிகவியல், நிறைய விவசாய நிலம் எல்லாம் கலந்த கதை அது.

சேலம் நகரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில், ஓமலூர் வட்டம் காமலாபுரத்தில் இருக்கிறது இந்த விமான நிலையம். 1993ல் திறக்கப்பட்டது. ஓடுதளத்தின் நீளம் ஏறத்தாழ 1,800 மீட்டர். ஏ.டி.ஆர். என்னும் விசிறி வைத்த சிறிய விமானங்கள் தாராளமாக வந்து போகலாம். ஏர்பஸ், போயிங் போன்ற பெரிய விமானங்களை வழக்கமாக இயக்க இந்த நீளம் போதாது.

வந்தார்கள், போனார்கள்

முதலில் வந்தது என்.ஈ.பி.சி. நிறுவனம். கொஞ்ச காலம் பறந்தது, போதிய கூட்டம் இல்லை, நின்றது. அதற்குப் பிறகு நிலையம் பல வருடம் பூட்டித்தான் கிடந்தது.

2009ல் கிங்ஃபிஷர் சென்னைக்கு விமானம் விட்டது. ஊரே சந்தோஷப்பட்டது. 2011ல் அதுவும் நின்றது. அடுத்த ஆண்டு அந்த நிறுவனமே தரையிறங்கிவிட்டது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை.

மூன்றாவதாக 2018 மார்ச் 25 அன்று ட்ரூஜெட் வந்தது. இது மத்திய அரசின் 'உடான்' திட்டத்தின் கீழ் வந்த சேவை. மானியம் இருந்ததால் டிக்கெட் விலை கட்டுப்படியாக இருந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பிறகு மறுபடி பறந்து, 2021ல் நின்றுபோனது. 2022ல் ட்ரூஜெட் நிறுவனமும் பறப்பதை நிறுத்தியது.

நான்காவது முயற்சி 2023 அக்டோபரில். அலையன்ஸ் ஏர், இண்டிகோ என்று இரண்டு நிறுவனங்கள் ஒரே மாதத்தில் வந்தன. பெங்களூரு, கொச்சி, ஹைதராபாத், சென்னை என்று ஒரே நேரத்தில் நான்கு ஊர்கள் சேலத்தோடு இணைந்தன. கிங்ஃபிஷர், ட்ரூஜெட் காலத்தில் சென்னை ஒன்றுதான்!

ஆக, 1993 முதல் 2023 வரை கணக்குப் போட்டால் விமானம் வந்த வருடங்களை விட வராத வருடங்களே அதிகம்.

ஆளே இல்லையா?

"சேலத்துல பிளேன்ல போறதுக்கு யாருங்க இருக்கா?" என்று சிலர் கேட்பதுண்டு. இந்தக் கேள்வி சரியில்லை. உருக்காலை இருக்கிற ஊர். வெள்ளிக் கொலுசு நாடு முழுவதும் போகிறது. ஜவ்வரிசிக்கு வடநாட்டில்தான் பெரிய சந்தை. பக்கத்து நாமக்கல்லில் கோழிப்பண்ணை, லாரித் தொழில். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுவதும் போர் போட்டுக்கொண்டிருக்கின்றன. தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆட்களுக்கும் காமலாபுரம் வழியிலேயே இருக்கிறது. இத்தனை பேரும் விமானம் ஏறாதவர்கள் இல்லை. கோயம்புத்தூர், திருச்சி, பெங்களூரு போய் ஏறுகிறார்கள், அவ்வளவுதான்.

ஏன் அங்கே போகிறார்கள்? அங்கே நாளைக்கும் விமானம் இருக்கும் என்ற நம்பிக்கை. ஒரு வியாபாரி மும்பையில் ஒரு கூட்டத்துக்கு நேரம் குறித்துவிட்டு, விமானம் ரத்து என்று குறுஞ்செய்தி வந்தால் என்ன செய்வார்? அடுத்த தடவை நேராக பெங்களூருக்குக் கார் எடுப்பார். அதற்கு அடுத்த தடவை சேலத்தில் விமானம் உண்டா என்று பார்க்கக்கூட மாட்டார். விமானப் பயணம் ஒரு பழக்கம். பழக்கம் உருவாக வருடக்கணக்காகும், உடைய ஒரு மாதம் போதும். சேலத்தில் மூன்று முறை உடைந்திருக்கிறது.

கொஞ்சம் கணக்கு

பி.காம். முதல் வருடத்தில் சொல்லிக் கொடுக்கும் விஷயம்தான். நிலையான செலவு, மாறும் செலவு. விமானம் கிளம்பிவிட்டால் உள்ளே 20 பேர் இருந்தாலும் 70 பேர் இருந்தாலும் எரிபொருள், பைலட் சம்பளம், வாடகை ஏறக்குறைய ஒன்றுதான். காலியான இருக்கை சாயங்காலச் சந்தையில் விற்காமல் போன மல்லிகைப்பூ மாதிரி. மறுநாள் அதற்கு மதிப்பே இல்லை.

ஒரு உதாரணக் கணக்கு. 78 இருக்கை உள்ள விமானத்தை ஒரு தடவை இயக்க 2 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டில் கிடைப்பது சராசரி 3,500 ரூபாய். 40 பேர் வந்தால் வரவு 1,40,000. நஷ்டம் 60,000. அதே விமானத்தில் 60 பேர் வந்தால் வரவு 2,10,000. லாபம் 10,000. நடுவில் இருப்பது வெறும் 20 பேர்தான்! சிறிய ஊர் விமான நிலையத்தின் தலையெழுத்தே அந்த 20 பேர் கையில்தான் இருக்கிறது.

அந்த 20 பேர் பழகி வரும்வரை நஷ்டத்தை அரசு ஈடுகட்டுவதுதான் உடான். 2016ல் அறிவிக்கப்பட்டு, 2017 ஏப்ரலில் சிம்லா–டெல்லி விமானத்தோடு தொடங்கியது. ஏறத்தாழ பாதி இருக்கைகளுக்கு விலை உச்சவரம்பு. தொடக்கத்தில் ஒரு மணி நேரப் பயணத்துக்குச் சுமார் 2,500 ரூபாய். அதனால் வரும் பள்ளத்தை நிரப்ப நிறுவனத்துக்கு மானியம். அதில் 20 சதவீதம் மாநில அரசின் பங்கு. விமான எரிபொருள் ஜி.எஸ்.டி.க்குள் வராததால் அதற்கு மாநிலம்தான் வாட் வரி போடுகிறது. உடான் நிலையங்களில் அதையும் 1 சதவீதமாகக் குறைக்கச் சொன்னார்கள். எல்லாம் நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் மானியம் மூன்று வருடம் மட்டும். அதற்குப் பிறகு?

2023ல் சி.ஏ.ஜி. அறிக்கை பதில் சொன்னது. முதல் மூன்று சுற்றுகளில் ஒதுக்கிய வழித்தடங்கள் 774. பறக்கத் தொடங்கியவை 371. மூன்று வருடத்தை முழுதாக முடித்தவை 112. மானியம் முடிந்த பிறகும் 2023 மார்ச் வரை தாக்குப்பிடித்தவை 54. அதாவது நூற்றுக்கு ஏழு! சேலத்துக்கு நடந்தது சேலத்துக்கு மட்டும் நடந்ததல்ல என்று இதிலிருந்தே புரியும்.

எதிரி யார்?

சேலம்–சென்னை விமானத்துக்குப் போட்டி இன்னொரு விமானம் கிடையாது, ரயில்தான். 2023 ஏப்ரலில் தொடங்கிய சென்னை–கோவை வந்தே பாரத் சேலத்தில் நிற்கிறது. சென்னையிலிருந்து சேலத்துக்குச் சுமார் மூன்றரை மணி நேரம். விமானம் என்றால் காமலாபுரம் போக அரை மணிக்கு மேல், அங்கே காத்திருப்பு ஒரு மணிக்கு மேல், பறப்பது ஒரு மணி, மீனம்பாக்கத்திலிருந்து ஊருக்குள் போக அரை மணிக்கு மேல். கூட்டினால் அதே மூன்றரை மணிதான். ராத்திரி படுத்தால் காலையில் இறக்கிவிடும் ஏற்காடு எக்ஸ்பிரஸ் வேறு இருக்கிறது. வெளிநாடு போக சென்னையில் விமானம் மாறுபவர்களைத் தவிர மற்றவர்கள் ஏன் அதிகக் காசு கொடுப்பார்கள்?

ஆகவே சேலத்தின் எதிர்காலம் ஹைதராபாத், கொச்சி போன்ற ஊர்களில்தான் இருக்கிறது. ரயிலில் ஒரு ராத்திரியோ ஒரு பகலோ போகிற தூரம் அது. ஹைதராபாத்தில் இறங்கி அதே டிக்கெட்டில் டெல்லி, மும்பை என்று மாறிப்போக முடிந்தால் வெள்ளி வியாபாரியும் ஜவ்வரிசி வியாபாரியும் கட்டாயம் வருவார்கள். 2023ல் தொடங்கிய ஏற்பாடு முந்தைய மூன்றையும் விட நம்பிக்கை தருவதற்குக் காரணம் இதுதான்.

570 ஏக்கர்

இப்போது முக்கியமான விஷயம். விமான நிலையத்தை விரிவாக்க காமலாபுரம், பொட்டியபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டி ஆகிய நான்கு ஊர்களில் சுமார் 570 ஏக்கர் எடுக்கும் திட்டம் 2018ல் பெரிய எதிர்ப்பைச் சந்தித்தது. எட்டு வழிச்சாலைக்கு எதிரான போராட்டம் நடந்துகொண்டிருந்த அதே சமயம் அது. விவசாயிகள் கேட்டது ஒரே கேள்வி. ஒரு நாளைக்கு ஒரு விமானம் வந்து போவதற்கு எங்கள் காடு கழனி எல்லாம் எதற்கு?

இதற்கு எதிர்த்தரப்பு சொல்லும் வாதமும் சும்மா தள்ளிவிடக்கூடியது இல்லை. ஓடுதளம் நீண்டால்தான் பெரிய விமானம் வரும், பெரிய விமானம் வந்தால்தான் ஒரு இருக்கைக்கு ஆகும் செலவு குறையும், அப்போதுதான் கூட்டம் வரும் என்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தூத்துக்குடி வேறு மாதிரி சொல்கிறது.

தூத்துக்குடி வாகைக்குளம் நிலையம் 1992ல் திறக்கப்பட்டது. சேலத்துக்கு ஒரு வயது மூத்தது. அதன் ஓடுதளம் வெறும் 1,350 மீட்டர், சேலத்தை விடக் குட்டை! அங்கேயும் ஏ.டி.ஆர். மட்டும்தான். ஆனால் சென்னைக்கு ரயிலில் ஒரு முழு ராத்திரி ஆகும் என்பதால் விமானத்தில் கூட்டம் இருந்தது. நிறுவனங்கள் மாறின, வழித்தடம் தங்கியது. ஒரு நாளைக்குப் பல விமானம் என்று வளர்ந்தது. அதற்குப் பிறகுதான் ஓடுதளம் 3,115 மீட்டராக நீண்டது. சுமார் 450 கோடி ரூபாயில் கட்டிய புதிய முனையம் 2025 ஜூலை 26 அன்று திறக்கப்பட்டது. முதலில் கூட்டம், பிறகு கட்டடம். வரிசை மாறவில்லை.

சேலத்தில் மட்டும் ஏன் வரிசையை மாற்ற வேண்டும்? விமான நிறுவனம் ஒரு அறிவிப்பு வெளியிட்டு அடுத்த மாதமே போய்விடலாம், போயும் இருக்கிறது. கிணறும் தென்னையும் வீடும் இருந்த நிலத்தைக் கொடுத்தவர் அப்படித் திரும்பி வந்து உட்கார முடியுமா?

என்ன செய்யலாம்?

முதலாவது, மானியத்தை மூன்றாம் வருட முடிவில் கத்தியால் வெட்டுவது போல நிறுத்தாமல் படிப்படியாகக் குறைக்க வேண்டும். நேரம் தவறாமல், ரத்து செய்யாமல் இயக்கும் நிறுவனத்துக்கு அதிகம், அடிக்கடி ரத்து செய்பவருக்குக் குறைவு என்று வைக்கலாம். பழக்கத்தை உருவாக்குபவருக்குத்தானே பரிசு கொடுக்க வேண்டும்?

இரண்டாவது, உள்ளூர் வணிக அமைப்புகள் கோரிக்கை மனு கொடுப்பதோடு நிறுத்திவிடாமல், மாதத்துக்கு இத்தனை இருக்கை என்று முன்கூட்டியே மொத்தமாக வாங்க முன்வரலாம். மேலே சொன்ன 20 பேர் கணக்கு ஞாபகம் இருக்கிறதல்லவா?

மூன்றாவது, நிலத்தைத் தொடுவதற்கு முன் ஒரு இலக்கு வைக்க வேண்டும். தொடர்ந்து இத்தனை வருடம் சேவை, வருடத்துக்கு இத்தனை பயணிகள் என்று. ஒவ்வொரு நிலையத்தின் பயணிகள் எண்ணிக்கையையும் விமான நிலைய ஆணையம் மாதாமாதம் வெளியிடுகிறது. ஒளிவுமறைவு தேவையில்லை. இலக்கை எட்டினால் அந்த நான்கு ஊர் மக்களிடம் உட்கார்ந்து பேச அரசுக்கு ஒரு தகுதி வரும். எட்டாவிட்டால் ஒரு ஏக்கர் கூட வீணாகவில்லை என்ற நிம்மதியாவது மிஞ்சும்.

சேலத்துக்கு விமானம் வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. கட்டாயம் வேண்டும். ஆனால் இருக்கிற 1,800 மீட்டரை முதலில் நிரப்பட்டும். காலை விமானம் தினமும் சொன்ன நேரத்துக்கு வந்து, ஊர்க்காரர் "இருக்குதுங்க" என்று "ஆனா" போடாமல் சொல்கிற நாள் வரட்டும். அடுத்த மீட்டரைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.