முதல் கோல் அடித்த ராமனைத் தெரியுமா?

முதலில் ஒரு சின்ன வினாடி வினா. 1948 லண்டன் ஒலிம்பிக் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? ஹாக்கி தங்கம். வெம்பிளியில் பிரிட்டனை 4-0 என்று சாய்த்தது, பல்பீர் சிங் 2 கோல் போட்டது. பொது அறிவுப் புத்தகத்தில் எல்லாம் இருக்கிறது. சரி, அதே ஒலிம்பிக்கில் கால்பந்தில் இந்தியாவுக்காகக் கோல் அடித்தவர் யார்?

தெரியவில்லையா? கவலைப்படாதீர்கள், முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. அவர் பெயர் சாரங்கபாணி ராமன். மைசூர் மாநில ஆட்டக்காரர். இந்தப் பதிவு அவருக்காக.

1948 ஜூலை 31. சுதந்திரம் கிடைத்து ஒரு வருடம் ஆக இன்னும் பதினைந்து நாள் பாக்கி. லண்டனுக்குக் கிழக்கே இல்ஃபோர்டு என்ற ஊரில் பிரான்சோடு மேட்ச். சுதந்திர இந்தியாவின் முதல் அதிகாரபூர்வ சர்வதேசக் கால்பந்துப் போட்டி அது. நாகாலாந்தைச் சேர்ந்த தலிமெரென் ஆவ் கேப்டன். பாதிக்கு மேற்பட்டவர்கள் ஷூ போடாமல், காலில் துணிப்பட்டை சுற்றிக்கொண்டு ஆடினார்கள். ஒலிம்பிக் அணியில் நம்ம திருவிதாங்கூர்க்காரர் ஒருவரும் உண்டு, திருவல்லா பாப்பன். (அப்போது கோட்டாறும் திருவிதாங்கூர்தான். 1956 நவம்பர் 1-இல்தானே தமிழ்நாட்டோடு சேர்ந்தோம்.)

30-வது நிமிடத்தில் பிரான்ஸ் ஒரு கோல். நமக்கு இரண்டு பெனால்டி கிடைத்தது. இரண்டுமே வீண். ஒன்றை சைலன் மன்னாவும் இன்னொன்றை மஹாபீர் பிரசாத்தும் தவறவிட்டார்கள். அப்படி ஒரு நாளில் எந்த அணியும் மனசு உடைந்துபோகும். ஆனால் 70-வது நிமிடத்தில் ராமன் பந்தை வலைக்குள் போட்டார். 1-1. கிட்டத்தட்ட இருபது நிமிடம் இந்தியா ஒலிம்பிக்கில் பிரான்சுக்குச் சமமாக நின்றது. 89-வது நிமிடத்தில் பிரான்ஸ் இன்னொன்று போட்டது. கதை முடிந்தது. தோற்றால் வெளியே போக வேண்டிய போட்டி என்பதால் நமக்கு அடுத்த மேட்ச்சே கிடையாது.

ஆக, அந்த ஒலிம்பிக்கில் இந்தியா அடித்த ஒரே கோல் ராமனுடையது. சுதந்திர இந்தியாவின் முதல் கோலும் அதுதான்.

இப்போது என் கேள்வி. இந்த மேட்ச்சைப் பற்றி யார் எழுதினாலும் இரண்டு விஷயம் கண்டிப்பாக வரும். ஒன்று வெறுங்கால், இன்னொன்று தவறிய பெனால்டி. கோல் அடித்தவர் பெயர் ஏதோ ஒரு மூலையில், பல நேரம் வெறும் "ராமன்" என்று வரும். ஏன் இப்படி?

சைலன் மன்னாவை நான் குறை சொல்லவில்லை. அவர் பெரிய ஆட்டக்காரர், 1951 ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய அணிக்குக் கேப்டன், 1971-இல் பத்மஸ்ரீ. என் கோபமெல்லாம் அந்த வெறுங்கால் கதை மேல்தான். "பாவம், ஷூகூட இல்லாமல் ஆடினார்கள்" என்று சொன்னால் கேட்பவர்களுக்கு ஒரு இரக்கம் வரும். அந்த இரக்கத்திலேயே ஆட்டக்காரனின் திறமை மறந்துபோகும். பதினோரு பேருக்கும் தனித்தனி முகம் இல்லாமல் இருபத்திரண்டு கால்கள் மட்டும் மிஞ்சும்! 1950 உலகக் கோப்பைக்கு இந்தியா போகாததற்கும் இதே வெறுங்காலைத்தான் இன்றுவரை காரணமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது வெறும் சாக்கு, சங்கத்துக்கு உலகக் கோப்பையின் அருமை தெரியவில்லை என்று மன்னாவே பிற்காலத்தில் சொல்லிவிட்டார். ஆனாலும் கதை சாகவில்லை.

"ஒரே ஒரு கோல் அடித்தவருக்கு எதற்குய்யா இவ்வளவு?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நாம் தோற்ற மேட்ச்சில் கோல் அடித்தவனை நினைவில் வைப்பது புகழ்ச்சிக்காக அல்ல, கணக்குக்காக. 1956-இல் மெல்போர்னில் இந்தியா நான்காவது இடம் பிடித்தது. நெவில் டிசூசா ஹாட்ரிக் அடித்தார். அதெல்லாம் வானத்திலிருந்து குதித்ததா? 1948-இல் இருபது நிமிடம் பிரான்சைத் தடுமாற வைத்தவர்களிடமிருந்துதானே அந்த வரிசை ஆரம்பிக்கிறது. முதல் படியை அழித்துவிட்டு மாடியைப் பற்றிப் பேச முடியுமா? இன்னொன்று, அர்ஜுனா விருது தொடங்கியதே 1961-இல். ராமன் காலத்து ஆட்டக்காரர்களுக்கு விருதுப் பட்டியலும் இல்லை, டிவியும் இல்லை. யாராவது எழுதி வைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

இது எங்கேயோ லண்டனில் நடந்த விஷயம் இல்லை மக்கா. நம்ம மாவட்டத்தில் தூத்தூர், இரவிபுத்தன்துறை, வள்ளவிளை பக்கம் போய்ப் பாருங்கள். கடற்கரை மணலில் பந்து உருளாத சாயங்காலம் உண்டா? அங்கிருந்து சந்தோஷ் டிராபி ஆடியவர்கள் எத்தனையோ பேர். இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ் 2019-இல் இந்திய அணிக்கே ஆடினார். அவர் பெயர் தப்பித்துவிடும், இணையத்தில் இருக்கிறது. ஆனால் அவருக்கு முப்பது வருடம் முன்னால் அதே மணலில் ஆடி, மாநில அணிவரை போய்விட்டு வந்து மறுபடி வள்ளம் ஏறியவர்கள்? அவர்களுடைய கோலெல்லாம் டீக்கடைப் பேச்சில் மட்டும்தான் இருக்கிறது. பேசுகிறவர் போனால் கோலும் போய்விடும்.

அதனால் என் யோசனை இதுதான். உங்கள் ஊரில், உங்கள் தெருவில் பழைய ஆட்டக்காரர் யாராவது இருந்தால் ஒரு நாள் போய் உட்காருங்கள். பெயர், எந்த டீம், எந்த வருடம், எந்த இடத்தில் ஆடினார், யாரோடு ஆடினார் என்று ஐந்து வரி எழுதுங்கள். பழைய போட்டோ இருந்தால் ஒரு படம் எடுங்கள், பின்பக்கம் எழுதியிருக்கும் பெயர்களையும் சேர்த்து. உங்கள் பதிவில் போடுங்கள். அவர் சச்சினாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

அடுத்த தடவை யாராவது வெறுங்கால் கதையை ஆரம்பித்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "சரிண்ணே, அந்த மேட்ச்ல கோல் அடிச்சது யாரு?" பதில் வராவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள். :)