வேலியைச் சாய்த்த பிள்ளைகள்

"படிக்கிற பிள்ளைகளுக்குக் கொள்கை முடிவுகளைப் பற்றி என்ன தெரியும்?" இந்த வாரம் ஒரு தொலைக்காட்சி விவாதத்தில் பெரியவர் ஒருவர் கேட்டார். பெருந்தொற்றை எந்த நாடு எப்படிக் கையாண்டது என்று பல்கலைக்கழக மாணவர்கள் வாய் திறப்பதே அவருக்குப் பொறுக்கவில்லை. நமக்குப் பொறுக்காதது அவர் பேச்சுதான்.

2020 நவம்பர் 5. இங்கிலாந்தில் இரண்டாவது பொதுமுடக்கம் தொடங்கிய நாள். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஃபாலோஃபீல்டு விடுதிகளைச் சுற்றி ஆட்கள் இரும்பு வேலி அடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருந்தவர்கள் பெரும்பாலும் முதலாண்டுப் பிள்ளைகள். எதற்கு இந்த வேலி என்று அவர்களை உட்காரவைத்துச் சொன்னவர் யாரும் இல்லை. அன்று இரவே நூற்றுக்கணக்கானோர் திரண்டு வேலியைச் சாய்த்தார்கள். துணைவேந்தர் நான்சி ராத்வெல் மன்னிப்புக் கேட்டார்.

அந்தப் பிள்ளைகள் கொரோனாவே பொய் என்றா கத்தினார்கள்? விடுதிக்கு வரச்சொல்லி வாடகை வாங்கிக்கொண்டு, பாடத்தைக் கணினித் திரையில் நடத்திவிட்டு, கேட்காமல் கொள்ளாமல் வேலியும் போட்டால் எந்தப் பிள்ளைக்குத்தான் கோபம் வராது? அதே மாதம் சில மாணவர்கள் அதே விடுதி வளாகத்தில் காலியாகக் கிடந்த ஓவன்ஸ் பார்க் கோபுரத்துக்குள் புகுந்து உட்கார்ந்துவிட்டார்கள். முதல் பருவத்து வாடகையில் 30 சதவீதம் குறைந்தது. கேட்டதில் நியாயம் இல்லாமலா குறைத்தார்கள்?

சீனாவில் 2022 நவம்பரில் உரும்சி அடுக்குமாடித் தீயில் 10 பேர் இறந்தபோது, கொரோனா முடக்கம்தான் மீட்பைத் தடுத்தது என்று கொதித்து, நான்ஜிங்கிலும் பெய்ஜிங்கிலும் மாணவர்கள் எதுவும் எழுதாத வெள்ளைத்தாளை உயர்த்திப் பிடித்தார்கள். டிசம்பர் 7-ல் அரசு அந்தக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது.

அந்த நாட்டுக் கொள்கை நம் வீட்டுக்குள்ளும் வந்தது. சீனாவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த தமிழகப் பிள்ளைகள் 2020 தொடக்கத்தில் ஊர் திரும்பினார்கள். எல்லையை மூடிய சீனா மறுபடி விசா கொடுக்க 2022 ஆகஸ்டு ஆனது. உடற்கூறியலைக் கைப்பேசியில் படித்த பிள்ளை நோயாளியின் நாடியை எங்கே பிடித்துப் பார்ப்பது? இறுதியாண்டை அப்படியே முடித்தவர்கள் வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான தகுதித் தேர்வில் தேறினாலும் இரண்டு ஆண்டு பயிற்சி முடிக்க வேண்டும் என்று இங்கே விதி வந்தது. நோயாளியின் நலனுக்கு அந்த விதி தேவைதான். ஆனால் எல்லையை மூடியவர்களும் சரி, விதி போட்டவர்களும் சரி, அந்தப் பிள்ளைகளை அழைத்துப் பேசியிருக்க வேண்டாமா?

பேச ஒரு இடம் வேண்டும். நம் கல்லூரிகளில் எத்தனையில் மாணவர் பேரவைத் தேர்தல் முறையாக நடக்கிறது? தேர்தல் நடத்துங்கள் என்று, மாணவர் தேர்தல்களை ஆராய்ந்த லிங்டோ குழு சொன்னது 2006-ல். துணைவேந்தர்களே, இந்தக் கல்வியாண்டிலேயே தேர்தலை அறிவியுங்கள். விடுதியைப் பூட்டுவதா, திறப்பதா என்று முடிவெடுக்கும் கூட்டத்தில், வென்று வரும் பிள்ளைகளுக்கும் நாற்காலி போடுங்கள்.