வேலை நின்றது, வயிறு நிற்குமா?

குளிர்காலம் வந்தால் எங்கள் டிக்கெட் கவுண்டரில் ஒரு கூட்டம் தனியாகத் தெரியும். இடுப்பில் பிள்ளை, தலையில் மூட்டை, பையிலிருந்து துருத்திக்கொண்டிருக்கும் கரணை. "ஏம்மா, பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்கே?" என்றால், "வேலையை நிறுத்திட்டாங்க அண்ணே" என்பதே பதில்.

நிறுத்தியது மேஸ்திரி அல்ல, டில்லியின் காற்று. வண்டிப் புகையும், பக்கத்து மாநிலங்களில் எரிக்கும் நெல்தாளின் புகையும், கட்டடத் தூசியும் குளிரில் தேங்கி மூச்சை அடைக்கும்போது பெரும்பாலான கட்டட வேலைகளுக்குத் தடை வருகிறது. 2020 மார்ச்சில் ஊரடங்கு நிறுத்தியது. சில இடங்களில் நில வழக்கு நிறுத்துகிறது. தடையே கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்தத் தூசியை முதலில் விழுங்குகிறவர்கள் நாம்தான். நஷ்டம் யார் தலையில் என்பதே கேள்வி.

அரசாங்கக் கட்டட வேலைகளில், வெளிக்காரணத்தால் வேலை தடைப்பட்ட நாட்களைக் குறிக்க ஒரு பதிவேடே உண்டு. அதைக் காட்டிக் கான்ட்ராக்டர் கெடுவை நீட்டிக்கொள்ளலாம். எஞ்சினீயருக்கு மாதச் சம்பளம் நிற்பதில்லை. சித்தாளின் பட்டினி நாளை எழுதத்தான் எந்த நோட்டும் இல்லை.

பணம் இல்லையா? இருக்கிறது. நமக்காகவே கட்டடச் செலவில் நூற்றுக்கு 1 ரூபாய் செஸ் வசூலிக்க 1996இல் சட்டம் வந்தது. வேலை நின்ற நாட்களுக்கு அந்த நிதியிலிருந்து உதவி கொடுக்கும்படி 2021 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. 2024இலும் கொடுக்கக் காணோம் என்று தலைமைச் செயலாளர்களையே கூப்பிட்டுக் கேட்டது. அப்போது டில்லி அரசு சொன்ன கணக்கு: பதிவுபெற்ற 90,693 பேருக்குத் தலா 8,000 ரூபாய், அதில் அதுவரை கொடுத்தது 2,000தான்!

பதிவு இல்லாதவர்களுக்கு அதுவும் கிடையாது. முந்தைய 12 மாதத்தில் 90 நாள் கட்டட வேலை செய்த, 18 முதல் 60 வயதுக்குள் உள்ள எவரும் பதியலாம். ஆனால் அந்த 90 நாளுக்குச் சான்று தர மேஸ்திரி தயங்குகிறார், கான்ட்ராக்டர் ஒளிகிறார். இதை எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணின் பொறுப்பில் விடுவது என்ன நியாயம்? அதிகாரிகளே வேலைத்தளத்துக்கு வந்து பதியட்டும். தடை அறிவித்த அன்றே உதவித்தொகையும் அறிவிக்கட்டும். இவைதான் நம் கோரிக்கை.

நம் பங்கும் உண்டு, தோழர்களே. வேலை நாளையும் இடத்தையும் மேஸ்திரி பெயரையும் ஒரு நோட்டில் அன்றன்றே குறித்து வையுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதட்டும். அந்த நோட்டோடு சங்கத்துக்கு வாருங்கள். காற்று கெடும்வரை காத்திருக்க வேண்டாம்.