லொத்தர்க் கணக்காய்வும் நம் மாணவரும்

வணிகமும் கணிதமும் கற்று வெளியேறும் நம் மாணவர் வங்கியையும் அரசாங்கக் கந்தோரையுமே நாடுவர். லொத்தர்ச் சீட்டிழுப்பைக் கணக்காய்வு செய்தலும் ஓர் உத்தியோகமே என்றால் முகஞ் சுளிப்பர். வள்ளுவர் சூதைக் கடிந்து ஓர் அதிகாரமே வகுத்திருக்க, அதன் வாயிலில் நமக்கென்ன வேலை என்பர் பெரியோர். சூதை யானும் விரும்பேன். ஆயினும், 1963 ஆம் ஆண்டிலே தேசிய லொத்தர் சபை அமைந்த நம் நாட்டில், கூலியிற் கிள்ளிச் சீட்டு வாங்கும் ஏழைக்கு இழுப்பேனும் நேர்மையாக நடத்தல் வேண்டுமன்றோ?

பந்துகளை நிறுத்து, அளந்து, பூட்டி முத்திரையிடுதல் இத்தொழிலின் பழைய பகுதி. அது வெறுஞ் சடங்கன்று. 1980 ஏப்ரில் 24 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 4, 6 ஆகிய இலக்கப் பந்துகள் ஒழிய ஏனையவற்றுள் வர்ணத்தை ஏற்றிப் பாரமாக்கினர் சிலர். காற்றில் அவை மேலெழவில்லை, 666 வீழ்ந்தது. மூன்றிலக்கத்திற்கு ஆயிரம் வாய்ப்பிருக்க, எட்டே எஞ்சின!

பந்தின் இடத்தைக் கணினி பற்றியபின் கள்ளமும் நுண்ணிதாயிற்று. அமெரிக்கப் பன்மாநில லொத்தர்ச் சங்கத்திலே நிரல் எழுதிய எடி ரிப்ரன் என்பார், பின்னர் அங்கேயே பாதுகாப்புப் பணிப்பாளராக உயர்ந்தவர். ஆண்டில் மூன்றே தேதிகளில், அவையும் புதனோ சனியோ ஆயின், இரவு எட்டு மணிக்குப்பின் வரும் எண்களை முன்னறியத்தக்கதாக அவர் நிரலை அமைத்தார். மற்றை நாளெல்லாம் இயந்திரம் உத்தமன்! ஆயிரம் முறை இழுத்துப் பார்த்துப் புள்ளிவிவரங் கூட்டினும் குற்றந் தோன்றாது. நிரலை வரிவரியாக ஐயத்தோடு வாசிப்பவனே அதனைக் காண்பான்.

2010 டிசெம்பர் 29 இழுப்பில் ஒரு கோடி டொலருக்கு மேற்பட்ட பரிசு வீழ்ந்தது. ஏறக்குறைய ஓராண்டு கழித்து, வழக்கறிஞர் ஒருவர் பெயர் வெளியிடாத ஒருவருக்காக அதனைக் கேட்டார். அயோவா அதிகாரிகள் வினவியது ஒன்றே: சீட்டை வாங்கியவர் யார்? விடை கிடையாமையாற் பணங் கொடுக்கப்படவில்லை. அவ்வொரு வினாவே 2015 இல் ரிப்ரனைக் குற்றவாளியாக்கியது. 2017 இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். விஸ்கொன்சின் மாநிலத்திலே கழிக்கப்படாதிருந்த பழைய கணினியொன்றினுள் அந்நிரல் அகப்பட்டது.

எழுதியவனையே காவலனாக வைத்தமை இதன் வேர் என்பது என் கருத்து. ஆகவே லொத்தர் நடத்துவோரிடம் சம்பளம் பெறாத கணக்காய்வாளர் வேண்டும். கணிதத்தோடு கணினி நிரலும் பயிலும் நம் மேல்வகுப்பு மாணவர் அதற்குத் தகுதியற்றவர் அல்லர். பெற்றோரின் முகச்சுளிப்பை மாற்றுவதே கடினம்.