அருளுக்கும் தெரு உண்டா?

தோழர்களே, ஏலாக்குறிச்சி அடைக்கல மாதாவைத் தேடி அரியலூர், பெரம்பலூர்ச் சனம் வருசா வருசம் போகுது. அடைக்கலம் எல்லாருக்கும்தான் என்கிறார்கள். ஆனால் இதே குடந்தை மறைமாவட்டத்துக் கோட்டப்பாளையத்தில் தலித்துகளிடம் திருவிழா வரி வாங்குவதில்லை, தேர் அவர்கள் தெருவுக்கு வருவதில்லை, கல்லறையும் தனி என்ற வழக்கு 2025இல் உச்சநீதிமன்றம் வரை போனது.

கிறித்தவரானால் பட்டியல் சாதி இல்லை என்கிறது 1950ஆம் ஆண்டு ஆணை. சாதி போகலை என்கிறது கல்லறைச் சுவர். 2016இல் கத்தோலிக்க ஆயர் பேரவையே திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டால் போதுமா?

அருள் கண்மூடி வாங்குவதல்ல, செய்து காட்டுவது. நான் கேட்பது பெரிசா ஒன்னுமில்லை: எல்லாரிடமும் வரி, எல்லாத் தெருவுக்கும் தேர், எல்லாப் பிணத்துக்கும் ஒரே மண். அடுத்த திருவிழாக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். இதைக் கேட்காத வாய்க்கு நற்கருணை எதுக்கு?