கலர் தண்ணீரும் உப்புத் தண்ணீரும்

காரமடையில் வாலிபர்கள் சடுகுடு ஆடும் மைதானத்திற்குச் சென்றிருந்தோம். ஆட்டம் முடிந்ததும் ஆளுக்கொரு நீலப் புட்டி. "தண்ணி குடிக்கப் படாதா தம்பி?" என்றோம். "இதுலதானுங்க சத்து, விளம்பரத்துலயே சொல்றாங்கல்லங்க" என்றார் ஒருவர். சாஸ்திரத்தில் சொல்லியிருக்கிறது என்ற பாட்டனாருக்கும் இந்தப் பேரனுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

புட்டியில் இருப்பதுதான் என்ன? 1965ல் அமெரிக்காவில் புளோரிடா சர்வகலாசாலை வைத்தியர் ராபர்ட் கேட் என்பவர், பந்தாட்டக்காரர்கள் வேர்வையில் இழப்பதை ஈடுசெய்யத் தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலந்தார். வாயில் வைக்க முடியவில்லை. அவர் மனைவியார் எலுமிச்சம்பழச் சாறு விடச் சொன்னார். கேட்டரேட் பிறந்த கதை இவ்வளவுதான்! ஒரு லிட்டர் தண்ணீர், தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, கால் தேக்கரண்டி உப்பு, ஒரு எலுமிச்சம்பழம்: இதற்கு நம் அடுப்பங்கரை போதாதா? ஒரு மணி நேரத்திற்குக் குறைவாக ஆடுகிறவருக்கு இதுவும் வேண்டியதில்லை. வெறுந் தண்ணீரே போதும்.

இதைக் கேட்டுப் பழமைப் பிரியர்கள் சந்தோஷப்பட வேண்டாம். இளநீரில் பொட்டாசியம் மிகுதி. வேர்வையில் அதிகம் போகும் சோடியமோ குறைவு. உப்பிட்ட மோரும் நீராகாரமும் அவ்வகையில் மேல். அவை மேலானது உப்பு இருப்பதால். பாட்டி குடித்ததால் அல்ல.

நிற்க, ஆட்டக்காரர் ஏமாந்தால் காசோடு போகும். பேதியாகும் குழந்தைக்கு இந்தத் தித்திப்பு நீரைக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. உப்பும் சர்க்கரையும் தக்க அளவில் சேர்ந்தால்தான் குடல் நீரை உறிஞ்சும். சர்க்கரை மிஞ்சினாலோ உடம்பின் நீரையே குடலுக்கு இழுத்துப் பேதியைப் பெருக்கும். 1971ல் வங்காள அகதிகளின் பன்காவ் முகாமில் காலரா கண்டு, நரம்பில் ஏற்றும் நீர் தீர்ந்துபோகவே, டாக்டர் திலீப் மகலனோபிஸ் உப்பும் குளுக்கோஸும் சோடா உப்பும் அளந்து கரைத்துக் குடிக்கவே கொடுத்தார். நூற்றுக்கு முப்பதளவில் இருந்த சாவு நாலுக்குக் கீழே இறங்கிற்று. தீர்த்தமுமல்ல, மந்திரமுமல்ல, அளவு!

அந்த ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைச் சில கம்பெனிகள் சர்க்கரைப் பானத்தின்மேல் ஒட்டி, மருந்துக் கடைகளிலேயே விற்றன. 2022ல் உணவுப் பாதுகாப்பு இலாகாவும், பெட்டியில் ஒரு எச்சரிக்கை வரி அச்சிட்டால் போதுமென்று அனுமதித்தது. எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கு அந்த வரி எதற்கு உதவும்? ஐதராபாத் குழந்தை வைத்தியர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருஷம் போராடிய பிறகே, 2025 அக்டோபரில் அனுமதி ரத்தாயிற்று.

குழந்தை விஷயத்தில் கைக்கணக்கும் உதவாது. உப்பு கூடினாலும் கெடுதி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பொட்டலம் இனாமாகக் கொடுக்கிறார்கள். லிட்டர் பொட்டலமானால் முழுவதையும் ஒரு லிட்டர் நல்ல நீரில் கரைத்து, ஒரு நாளைக்குள் செலவழிக்க வேண்டும். கடையில் வாங்குவோர், "உலக சுகாதார ஸ்தாபன அளவுப்படி செய்ததா?" என்று கேட்டு, அவ்வாறு அச்சிட்டிருப்பதைக் காட்டச் சொல்லி வாங்குங்கள்.